ஒரு நீதிபதியின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: ஆலிவர் ஷ்ரெய்னரை வைத்து ஒரு வழிகாட்டி

நீதிபதிகளைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கின்றன. பிறந்த ஊர், படித்த கல்லூரி, வழக்கறிஞராகப் பதிவு, நீதிபதி நியமனம், ஓய்வு, மறைவு. எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த மனிதர் ஒரு வழக்கை எப்படி யோசித்தார் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. நான் உரிமையியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். மாலையில் கட்சிக்காரர்கள் போனபிறகு ஜூனியர்களோடு உட்கார்ந்து வெளிநாட்டுத் தீர்ப்புகளைப் படிப்பது எங்கள் அலுவலகத்தில் வழக்கம். அந்தத் தீர்ப்புகளை எழுதியவர்களைப் பற்றித் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். அப்போது அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு நான் எப்போதும் எடுப்பது தென் ஆப்பிரிக்காவின் ஆலிவர் டெனீஸ் ஷ்ரெய்னரை. 1937-இல் டிரான்ஸ்வால் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதியானார். 1945 முதல் 1960 வரை ப்ளூம்ஃபான்டெய்ன் நகரில் இருந்த மேல்முறையீட்டு மன்றத்தில், அதாவது அன்றைய நாட்டின் உச்ச மன்றத்தில், இருந்தார். அந்த நாட்டுச் சட்டத்துறையினர் அவரைத் தலைமை நீதிபதி ஆகாமல் போன மிகப் பெரிய நீதிபதி என்று இன்றும் சொல்வார்கள். அவர் எழுதிய மிக முக்கியமான இரண்டு தீர்ப்புகளும் அன்று தோற்ற தீர்ப்புகள். எழுதப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மாறுபட்ட தீர்ப்பில் தொடங்குங்கள்

பெஞ்சில் ஐந்து பேர் இருந்து ஐவரும் ஒரே முடிவுக்கு வந்தால், அதில் ஒருவருடைய மனம் எது என்று பிரித்தெடுப்பது கடினம். தனியாக நிற்கும்போது ஒருவர் தன் காரணங்களைத் தானே சுமக்க வேண்டும். அதனால் எந்த நீதிபதியை எடுத்தாலும் முதலில் அவருடைய மாறுபட்ட தீர்ப்பு ஒன்றைத் தேடுங்கள்.

ஷ்ரெய்னருக்கு அது 1950-ஆம் ஆண்டின் ஜாகா எதிர் டோங்கஸ் வழக்கு. ஜாகா இந்திய வம்சாவளியினர். பதப்படுத்தாத தங்கத்தைச் சட்டவிரோதமாக விற்றதற்காகச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது, ஆனால் அது நிறுத்திவைக்கப்பட்டது. அதாவது அவர் சிறைக்குப் போகவில்லை. டோங்கஸ் அப்போதைய உள்துறை அமைச்சர். 1913-ஆம் ஆண்டின் 22-ஆம் எண் குடிவரவுச் சட்டத்தின்படி, நாட்டுக்கு வெளியே பிறந்த ஒருவருக்குக் குறிப்பிட்ட குற்றங்களுக்காகச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தால், அவரை வேண்டாதவராகக் கருதி நாடு கடத்த அமைச்சருக்கு அதிகாரம் இருந்தது. நிறுத்திவைத்த தண்டனையும் 'விதிக்கப்பட்ட சிறைத் தண்டனை'தானா? இதுதான் கேள்வி. ஒரு மனிதர் அந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பது இந்தச் சில சொற்களில் தொங்கியது.

பெரும்பான்மையினர் ஆம் என்றார்கள். சொற்கள் தெளிவாக இருக்கின்றன, தண்டனை விதிக்கப்பட்டது விதிக்கப்பட்டதுதான் என்பது அவர்கள் நிலை. ஷ்ரெய்னர் ஒப்பவில்லை. சொற்களுக்கு வழக்கமான பொருள் கொள்ள வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம், அவற்றைச் சூழலோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதும் அதற்குச் சற்றும் குறையாத விதி என்றார். சூழல் என்றால் அதே சட்டத்தின் மற்றப் பிரிவுகளை அகராதிபோலப் புரட்டுவது மட்டுமல்ல. அந்தச் சட்டம் எதைப் பற்றியது, எதற்காக வந்தது, எவ்வளவு தூரம் செல்லும், ஓர் எல்லைக்குள் அதன் பின்னணி என்ன என்பதெல்லாம் சேர்ந்ததே சூழல். இப்படிப் பார்த்தால் உண்மையிலேயே சிறைக்கு அனுப்பும் தண்டனையைத்தான் அந்தப் பிரிவு குறிக்கிறது என்று முடித்தார்.

தமிழ் வாசகர்கள் இந்த 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தை வேறொரு பக்கத்திலிருந்து ஏற்கெனவே அறிவார்கள். காந்தியின் தலைமையில் இந்தியர்கள் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டிக் கைதானார்களே, அந்தப் போராட்டம் இந்தக் குடிவரவுச் சட்டத்தையும் எதிர்த்ததுதான். அதில் சிறை சென்று, விடுதலையான கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரியில் இறந்தவர் தில்லையாடி வள்ளியம்மை. அவருக்குப் பிறகு 36 ஆண்டுகள் கழித்தும் அதே சட்டம் இந்தியர்களை வெளியேற்றப் பயன்பட்டது. இப்படி உண்மையான இணைப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் வலிந்து தேட வேண்டாம்.

படிக்கும் முறை இது. தீர்ப்பை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்நோட்டை முதலில் படிக்காதீர்கள், அது வேறு யாரோ செய்த சுருக்கம். வழக்கின் கதையை, எந்த நீதிபதியின் பெயரும் வராமல், நான்கைந்து வாக்கியங்களில் உங்கள் தமிழில் எழுதுங்கள். பிறகு தோற்றவர் பக்கம் நிற்க உங்கள் மனம் எவ்வளவு இழுத்தாலும், பெரும்பான்மையின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எழுதுங்கள். அதை உங்களால் எழுத முடியவில்லை என்றால் வழக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் மாறுபட்ட தீர்ப்பு. ஜூனியர்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். நேராக நாயகனிடம் போய்விடுவார்கள்.

சைட்டேஷனும் தேதியும்

சைட்டேஷன் என்பது ஒரு தீர்ப்பு எந்த அறிக்கையில் இருக்கிறது என்ற குறிப்பு. ஜாகா தீர்ப்புக்கு உள்ளதுபோல 1950 (4) எஸ்.ஏ. 653 (ஏ) என்று இருந்தால், 1950-ஆம் ஆண்டுத் தென் ஆப்பிரிக்கச் சட்ட அறிக்கைகளின் நான்காம் தொகுதி, 653-ஆம் பக்கம், மேல்முறையீட்டு மன்றத் தீர்ப்பு என்று பொருள். இந்த வரிசை 1947-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய தீர்ப்புகள் ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் தனித் தொகுதியாக இருக்கும். 1997-க்குப் பிறகு அதே மன்றம் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று பெயர் மாறியது, சைட்டேஷன் முடிவில் எஸ்.சி.ஏ. என்று வரும். சாஃப்லி என்ற இணையதளத்தில் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாம்.

ஒன்றில் கவனம் வேண்டும். அறிக்கையில் வந்த ஆண்டும் தீர்ப்புச் சொன்ன ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கீழே வரப்போகும் காலின்ஸ் வழக்கில் ஷ்ரெய்னரின் தீர்ப்பு 1957-ஆம் ஆண்டுத் தொகுதியில் இருக்கிறது, ஆனால் சொல்லப்பட்டது 1956 நவம்பரில். வாழ்க்கையை எழுதும்போது இந்தச் சில மாதங்களும் முக்கியம், ஏனென்றால் தலைமை நீதிபதி பதவி காலியானது 1957-இல்.

ஒரு பிரச்சினையைத் தொடர்ந்து போங்கள்

நிறைய தீர்ப்புகளை மேலோட்டமாகத் தொடுவதைவிட, ஒரே பிரச்சினை திரும்பத் திரும்ப மன்றத்துக்கு வரும்போது அந்த நீதிபதி என்ன செய்தார் என்று பார்ப்பது நல்லது. ஷ்ரெய்னரின் காலத்தில் அந்தப் பிரச்சினை கேப் மாகாணத்துக் கலப்பின மக்களின் வாக்குரிமை.

1909-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய தென் ஆப்பிரிக்கச் சட்டத்தின் 35, 152 ஆகிய பிரிவுகள் அந்த வாக்குரிமைக்குக் காவல். அதைப் பறிக்க வேண்டுமானால் இரு அவைகளும் ஒன்றாக அமர்ந்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கு போட வேண்டும். 1951-இல் தேசியக் கட்சிப் பிரதமர் மாலனின் அரசாங்கம் அந்த வாக்காளர்களைத் தனிப் பட்டியலுக்குத் தள்ளும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரு அவைகளும் தனித்தனியே கூடி, சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றின. 1952-இல் ஹாரிஸ் வழக்கில் தலைமை நீதிபதி சென்ட்லிவர்ஸ் தலைமையில் ஐந்து நீதிபதிகள், ஷ்ரெய்னர் உட்பட, ஒருமனதாக அது செல்லாது என்றார்கள்.

அரசாங்கம் விடவில்லை. மேல்முறையீட்டு மன்றத்தின் தீர்ப்பை மாற்றும் அதிகாரத்தோடு 'பாராளுமன்ற உயர் நீதிமன்றம்' என்று ஒன்றை உண்டாக்கியது. அதில் நீதிபதிகள் யார்? பாராளுமன்ற உறுப்பினர்களேதான்! அதே ஆண்டு அந்தச் சட்டமும் மன்றத்தில் விழுந்தது. அதன் பிறகு 1955-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. இப்படிப்பட்ட அரசியலமைப்பு வழக்குகளைப் பதினொரு நீதிபதிகள் கேட்க வேண்டும் என்று சட்டம் வந்தது, மன்றத்தில் புதிய நீதிபதிகள் அமர்ந்தார்கள். மேலவையின் உறுப்பினர் எண்ணிக்கை 48-இலிருந்து 89 ஆக உயர்ந்தது. மூன்றில் இரண்டு பங்கு இப்போது கையில் வந்துவிட்டது. 1956-இல் கூட்டு அமர்வு நடந்து, வாக்குரிமை போயிற்று.

காலின்ஸ் வழக்கு இதை எதிர்த்து வந்ததுதான். பதினொரு பேரில் பத்துப் பேர் அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். மேலவையை மாற்றி அமைக்கப் பாராளுமன்றத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மையிலேயே அதிகாரம் உண்டு, அதை எந்த நோக்கத்துக்காகச் செய்தார்கள் என்று மன்றம் கேட்க முடியாது என்றார்கள். ஷ்ரெய்னர் மட்டும் கேட்டார். ஒரு கூட்டு அமர்வில் மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றுத் தருவதற்காகவே, நியமனத்தாலோ நியமனத்துக்குச் சமமான ஒன்றாலோ திரட்டப்பட்ட அவை, 152-ஆம் பிரிவு சொல்லும் 'அவை' ஆகாது என்றார்.

இப்போது ஜாகா தீர்ப்பைப் பக்கத்தில் வையுங்கள். அங்கே 'சிறைத் தண்டனை' என்ற சொல், இங்கே 'அவை' என்ற சொல். இரண்டு இடத்திலும் சொல்லின் வெளித்தோற்றம் அரசாங்கத்துக்குச் சாதகம். இரண்டு இடத்திலும் அவர் கேட்டது, இந்தச் சொல்லை இந்தச் சட்டத்தில் எதற்காக வைத்தார்கள் என்பதுதான். இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே ஓடும் இந்த ஒரே யோசனைமுறையை நீங்கள் பிடித்துவிட்டால் வாழ்க்கை வரலாற்றின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது. மற்றத் தகவல்களை அதில் கோத்துக்கொள்ளலாம்.

காலின்ஸ் வழக்கின் பத்துப் பேரையும் கோழைகள் என்று எழுதத் தோன்றும். வேண்டாம். அந்தப் பெரும்பான்மைக்குத் தலைமை தாங்கியவர் அதே சென்ட்லிவர்ஸ். 1952-இல் அரசாங்கத்தை இரண்டு முறை தடுத்தவர், ஓய்வுபெற்ற பிறகு பல்கலைக்கழகங்களில் நிறவெறி புகுத்தப்படுவதைப் பகிரங்கமாக எதிர்த்தவர். அவருக்குச் சட்டம் அங்கே உண்மையாகவே வேறு மாதிரித் தெரிந்தது. அதை ஒப்புக்கொண்டு எழுதினால்தான் ஷ்ரெய்னர் தனியாக நின்றதன் கனம் தெரியும்.

குடும்பம் இப்போதுதான் வர வேண்டும்

பிறப்பையும் பெற்றோரையும் தீர்ப்புகளுக்குப் பிறகு தேடச் சொல்கிறேன். எதைத் தேட வேண்டும் என்று அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். ஷ்ரெய்னர் 1890-இல் கேப் டவுனில் பிறந்தார். தந்தை வில்லியம் ஃபிலிப் ஷ்ரெய்னர் 1898 முதல் 1900 வரை கேப் காலனியின் பிரதமர். அத்தை ஆலிவ் ஷ்ரெய்னர், பெயர்பெற்ற நாவலாசிரியர். ஆங்கிலம் படித்த எந்த வாசகரும் முதலில் அத்தையைத்தான் குறிப்பிடுவார். ஆனால் நம் வேலைக்குத் தந்தைதான் முக்கியம். 1909-இல் தென் ஆப்பிரிக்கச் சட்ட மசோதா லண்டனுக்குப் போனபோது, அதிலிருந்த நிறத்தடையை, அதாவது வெள்ளையர் மட்டுமே பாராளுமன்ற உறுப்பினராகலாம் என்ற விதியை, எதிர்த்து ஒரு குழுவை அங்கே அழைத்துப்போனவர் அவர். நிறத்தடையை நீக்க முடியவில்லை. அந்தச் சட்டத்தில் மிஞ்சிய காவல்தான் 35-ஆம் பிரிவும் 152-ஆம் பிரிவும். 47 ஆண்டுகள் கழித்து அந்தக் காவலுக்காகத் தனியாக எழுதியவர் மகன்.

இதிலும் நிதானம் வேண்டும். தந்தைக்காகத்தான் மகன் அப்படி எழுதினார் என்று நீங்கள் சொல்ல முடியாது. தீர்ப்பில் இருப்பது சட்டக் காரணங்கள் மட்டும். இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வாசகர் பார்த்துக்கொள்வார்.

தாய்வழியும் சாதாரணமல்ல. தாய் ஃப்ரான்சிஸ் ரைட்ஸ். அவருடைய சகோதரர் எஃப். டபிள்யூ. ரைட்ஸ், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் குடியரசின் தலைமை நீதிபதியாக இருந்து பின் 1889-இல் அதன் குடியரசுத் தலைவர் ஆனவர். 1899-இல் பிரிட்டனுக்கும் போயர் குடியரசுகளான டிரான்ஸ்வால், ஃப்ரீ ஸ்டேட்டுக்கும் இடையே போயர் போர் வெடித்தபோது ரைட்ஸ் டிரான்ஸ்வாலின் அரசுச் செயலர், மைத்துனர் வில்லியம் ஷ்ரெய்னர் பிரிட்டிஷ் காலனியின் பிரதமர். எட்டு வயதுப் பையனின் வீட்டுக்குள்ளேயே போரின் இரு பக்கமும் இருந்தன.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி, முதல் உலகப் போரில் மிலிட்டரி கிராஸ் பதக்கம், ஜோஹன்னஸ்பர்க் வழக்கறிஞர் வாழ்க்கை: இவை ஒரு பத்திக்கு மேல் போக வேண்டாம்.

கிடைக்காத பதவியை எழுதும் விதம்

1957-இல் சென்ட்லிவர்ஸ் ஓய்வுபெற்றபோது மூப்பின்படி ஷ்ரெய்னர் அடுத்தவர். அரசாங்கம் அதே மன்றத்தின் இன்னொரு நீதிபதியான ஃபாகனை நியமித்தது. 1959-இல் ஃபாகன் ஓய்வுபெற்றபோதும் ஷ்ரெய்னர் மன்றத்தில் இருந்தார். இம்முறை எல். சி. ஸ்டெய்ன் வந்தார். ஸ்டெய்ன் அரசாங்கத்தின் சட்ட ஆலோசகராக இருந்து 1951-இல் நேரடியாக நீதிபதியானவர், மேல்முறையீட்டு மன்றத்துக்கு 1955-இல் வந்தவர். 1960-இல் ஷ்ரெய்னர் ஓய்வுபெற்றார்.

காலின்ஸ் தீர்ப்புக்குத்தான் இந்தத் தண்டனை என்று ஒரு வாக்கியத்தில் எழுதிவிட ஆசை வரும். நிகழ்ச்சிகளின் வரிசை அதைத்தான் சொல்கிறது, பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் இன்னொரு வழக்கும் இருக்கிறது. 1943-இல் டிரான்ஸ்வால் நீதிபதியாக இருந்தபோது, நாஜிகளால் அனுப்பப்பட்ட ராபி லைப்ரான்ட் என்ற குத்துச்சண்டை வீரரின் தேசத்துரோக வழக்கை விசாரித்து மரண தண்டனை விதித்தவர் ஷ்ரெய்னர். அப்போதைய பிரதமர் ஸ்மட்ஸ் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். 1948-இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் லைப்ரான்ட் விடுதலையானார். அந்த ஆட்சியாளர்களுக்கு ஷ்ரெய்னர்மேல் கசப்பு எங்கிருந்து தொடங்கியது என்பதற்கு ஒரே பதில் இல்லை. இரண்டையும் எழுதுங்கள், தேதியோடு எழுதுங்கள், முடிச்சை நீங்களே இறுக்காதீர்கள்.

ஃபாகனையும் கைப்பாவையாக்க வேண்டாம். அவர் முன்னாள் பிரதமர் ஹெர்ட்சாக் காலத்து அமைச்சர், உண்மைதான். ஆனால் கறுப்பின மக்கள் நகரங்களில் குடியேறுவதைத் தடுக்க முடியாது என்று 1948-இல் அறிக்கை கொடுத்த ஆணையத்தின் தலைவரும் அவரே. நிறவெறி அரசாங்கம் அந்த அறிக்கையைத் தள்ளிவைத்தது.

நம் ஊர் வாசகருக்கு உடனே எச். ஆர். கன்னா நினைவுக்கு வருவார். 1976-இல் நெருக்கடிநிலைக் காலத்தில் தனியாக எழுதியவர், 1977-இல் தலைமைப் பதவி மறுக்கப்பட்டவர். ஒரு வரி சொல்லலாம். ஷ்ரெய்னரை 'தென் ஆப்பிரிக்காவின் கன்னா' என்று மட்டும் எழுதாதீர்கள். காலத்தால் முந்தியவர் ஷ்ரெய்னர். கன்னா உடனே ராஜினாமா செய்தார், ஷ்ரெய்னர் இரண்டு முறை தாண்டப்பட்ட பிறகும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்தார். இது சிறிய வேறுபாடு அல்ல.

இன்னொன்றையும் விடக்கூடாது. அந்த மன்றத்தில் இருந்த நீதிபதிகள் எல்லோரும் வெள்ளையர்கள். அவர்கள் முன் வந்த சட்டங்களை இயற்றிய பாராளுமன்றமும் வெள்ளையர்களுடையது. ஷ்ரெய்னரின் நேர்மையை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் அவர் காப்பாற்ற முயன்ற 152-ஆம் பிரிவுகூட நாட்டின் பெரும்பான்மை மக்களுக்குப் பாராளுமன்றத்தில் இடமில்லாத ஓர் ஏற்பாட்டின் பகுதி. இந்த வரி இல்லாமல் அவர் வாழ்க்கையை எழுதினால் அது பாதிதான்.

மறைவோடு நிறுத்தாதீர்கள்

ஓய்வுக்குப் பின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். அங்குள்ள சட்டப் பள்ளி இன்று அவர் பெயரில் இருக்கிறது. 1980-இல் இறந்தார். வழக்கமான கட்டுரை இங்கே முடியும்.

நீங்கள் இன்னொரு வேலை செய்யுங்கள். அவருடைய தீர்ப்பைப் பின்னால் வந்தவர்கள் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தேடுங்கள். 1950-இல் தோற்ற ஜாகா மாறுபட்ட தீர்ப்பு, நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது. அரசியலமைப்பு நீதிமன்றம் அதைப் பயன்படுத்தியது. 2012-இல் நேட்டால் நகராட்சி ஓய்வூதிய நிதியத்துக்கும் எண்டுமேனி நகராட்சிக்கும் இடையிலான வழக்கில், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி மால்கம் வாலிஸ் எழுதிய தீர்ப்பு, சொல்லையும் சூழலையும் நோக்கத்தையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துப் படிக்க வேண்டும் என்று வகுத்தது. ஷ்ரெய்னரின் பத்தி அதற்கு அடித்தளம். இன்று தென் ஆப்பிரிக்காவில் ஒப்பந்தமோ சட்டமோ எதைப் பொருள்கொள்வதானாலும் வழக்கறிஞர்கள் எண்டுமேனியைத்தான் முதலில் எடுக்கிறார்கள். ஜாகாவைக் காப்பாற்ற முடியாத வாதம் ஓர் ஓய்வூதியத் தகராறின் வழியாக அந்த நாட்டின் பொதுவிதி ஆகிவிட்டது. என் ஜூனியர்களில் ஒருவர் தன் கட்டுரையை இங்கிருந்தே பின்னோக்கி எழுதினார், நன்றாக வந்தது.

அடுத்த பயிற்சி

ஷ்ரெய்னரை முடித்த பிறகு அதே மன்றத்தோடு தொடர்புடைய இஸ்மாயில் மகமதை எடுங்கள். 1931-இல் பிரிட்டோரியாவில் பிறந்தவர், 1990-களின் இறுதியில் தென் ஆப்பிரிக்காவின் தலைமை நீதிபதி, வெள்ளையரல்லாத முதல் தலைமை நீதிபதி. வழக்கறிஞராக இருந்தபோது ப்ளூம்ஃபான்டெய்ன் மன்றத்தில் வாதாட அவருக்கு உரிமை இருந்தது, இரவு அந்த நகரில் தங்க உரிமை இல்லை. இந்தியர்கள் ஃப்ரீ ஸ்டேட்டில் குடியிருக்கக் கூடாது என்ற 1891-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 33-ஆம் அத்தியாயம்தான் காரணம். அது வந்தபோது அந்தக் குடியரசின் தலைவர் யார் என்று மேலே பாருங்கள். ஷ்ரெய்னரின் தாய்மாமன்.

மகமதுக்கு மாறுபட்ட தீர்ப்பில் தொடங்க வேண்டாம். அவர் எழுதிய 1996-ஆம் ஆண்டு அசாப்போ தீர்ப்பில் தொடங்குங்கள். போலீஸ் காவலில் இறந்த கறுப்பினப் போராளி ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தினரும், அசாப்போ என்ற கறுப்பின அரசியல் அமைப்பும், வேறு சிலரும், கொலையாளிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கும் சட்டத்தை எதிர்த்து வந்தார்கள். மகமது அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார், அவர்களுடைய வேதனையை ஒரு வரியும் குறைக்காமல். முதலில் கதையை நான்கைந்து வாக்கியங்களில் எழுதுங்கள், பிறகு குடும்பத்தினரின் வாதத்தை முழு பலத்தோடு, அப்புறம் அவருடைய பதில்.